சிகாகோவில் முதல் ஏப்ரலா? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஜனவரியில் வந்து இறங்குகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. குளிர் என்று ஊரே சொல்லி அனுப்பியிருக்கும், அவர்களும் விமான நிலையத்திலிருந்து வெளியே வரும்போதே தடிமனான கோட்டோடுதான் வருவார்கள். கவலையெல்லாம் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் வருகிறவர்களை நினைத்துத்தான். அப்புறம், முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியில், ஒரே ஒரு நல்ல வெயில் நாளைப் பார்த்ததும் கோட்டையும் கையுறையையும் மடித்து அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிடுகிறார்களே, அவர்களை நினைத்தும். பதினொரு வருடமாக, சிகாகோவின் மேற்குப் புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக வந்த ஏதோ ஒரு குடும்பம் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மாதிரிக்கு, போன வாரம் எங்கள் வீட்டில் எப்படிப் போனது என்று சொல்கிறேன். திங்கட்கிழமை 74 டிகிரி, தெருவெல்லாம் அரைக்கால் சட்டை. செவ்வாய் காலையிலும் 65 இருந்தது, பையனை அரைக்கை சட்டையோடு பள்ளிக்கு அனுப்பினோம். மதியம் இரண்டு மணி வாக்கில் காற்று வடமேற்குக்குத் திரும்பியது, அவனைக் கூட்டிவரப் போனபோது 41, கூடவே மழை. புதன் முழுக்க 36ஐத் தாண்டவில்லை, ஸ்லீட் என்று இங்கே சொல்கிற பனிக்கட்டி மழை கார் கண்ணாடியில் கல் உப்பைக் கொட்டியது போல விழுந்துகொண்டே இருந்தது. வியாழன் காலை 29, கண்ணாடியில் உறைபனி சுரண்ட வேண்டியிருந்தது, மதியம் பளிச்சென்று வெயில், 56. வெள்ளி 79! அன்று சாயங்காலமே இடி, ஆலங்கட்டி, இரவு பதினொரு மணி வரை டொர்னேடோ வாட்ச், அதாவது சுழல்காற்று உருவாகலாம் என்ற அறிவிப்பு. சனிக்கிழமை நின்றால் தள்ளுகிற காற்று. ஞாயிறு எங்கள் வாசலில் 63, அதே நேரம் சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் 45.

எல்லாம் ஃபாரன்ஹீட். கணக்கு வராதவர்களுக்கு ஒரு வழி: 32 என்றால் நம் 0, அதிலிருந்து இங்கே 18 கூடினால் நம் ஊர் அளவில் 10 கூடும். 50 என்றால் 10, 68 என்றால் 20, 86 என்றால் 30. இந்த நான்கு எண்கள் மனதில் நின்றால் போதும், மற்றதெல்லாம் நடுவில் எங்கேயோ.

ஏன் இப்படி ஆடுகிறது என்று புரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நம் ஊருக்கு வடக்கே இமயமலை ஒரு சுவர் போல நிற்கிறது, சைபீரியாவின் குளிர் அதைத் தாண்டி வருவதில்லை. இங்கே மலைத்தொடர்கள் வடக்குத் தெற்காக ஓடுகின்றன. மேற்கே ராக்கி, கிழக்கே அப்பலாச்சியன். நடுவில் கனடாவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரைக்கும் குறுக்கே எதுவும் இல்லாத சமவெளி. வசந்தத்தில் கனடா இன்னும் உறைந்து கிடக்கிறது, வளைகுடா ஏற்கனவே சூடாகிவிட்டது, இரண்டு காற்றும் மாறி மாறி நம் தலைக்கு மேல் வந்து போகின்றன. எது எப்போது வரும் என்பதை வானத்தில் உயரே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் தீர்மானிக்கிறது, அது வாரத்துக்கு இரண்டு முறை கூட இடம் மாறும்.

அதனால் இங்கே காலையில் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசையை. வெயில் அடிக்கிறதா என்பது அப்புறம்தான். நம் மொழியில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, இந்த ஊருக்கு வந்தபிறகுதான் அதன் அருமை எனக்குத் தெரிந்தது. தெற்கிலிருந்து வருவது தென்றல். இங்கேயும் தெற்கு, தென்மேற்குக் காற்று என்றால் கதகதப்பு, சில நாள் இடிமழையும். வடக்கிலிருந்து வருவது வாடை. இங்கே அது கனடாவிலிருந்து நேராக வருகிறது. மேற்கிலிருந்து வருவது கோடை, சிகாகோவில் பெரும்பாலும் உலர்ந்த காற்று, பரவாயில்லை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். நம் ஊரில் மழையைக் கொண்டுவருகிற காற்று அது, இங்கேயோ மிச்சிகன் ஏரியின் குளிரைக் கொண்டுவரும். செயலியில் கிழக்கு அல்லது வடகிழக்கு என்று காட்டினால், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் ஏரிப் பக்கம் போகும்போது கோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

சென்னைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மே மாதம் மதியம் கடற்காற்று நுழைந்ததும் கொஞ்சம் மூச்சு விடுவோமே, அதே வேலைதான். நிலம் சூடாகிறது, மேலே காற்று எழும்புகிறது, அந்த இடத்துக்குத் தண்ணீர் மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. வித்தியாசம் தண்ணீரில்தான். வங்கக் கடல் மே மாதம் வெதுவெதுப்பாக இருக்கும். மிச்சிகன் ஏரியின் தண்ணீரோ ஏப்ரலில் 40 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதாவது குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் மாதிரி. அதன்மேல் வருகிற காற்று இருபது முப்பது டிகிரியை ஒரு மணி நேரத்துக்குள் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இப்படித் திடீரென்று நுழைவதற்கு மில்வாக்கி, சிகாகோ பக்கம் ‘நிமோனியா ஃப்ரண்ட்’ என்றே பெயர். தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவர் ‘கூலர் பை த லேக்’, அதாவது ஏரிப் பக்கம் குளிர் கூடுதல் என்று தினமும் சொல்வார், புதிதில் அது காதில் விழாது. இனிமேல் விழட்டும்.

எனக்கு அது காதில் விழாத வருடம், அம்மா முதல் தடவை வந்திருந்தார். ஏரியை ஒட்டிய ஜாக்சன் பார்க்கில் செர்ரி மரங்கள் பூத்திருக்கின்றன என்று கேள்விப்பட்டு, நேப்பர்வில்லில் 76 டிகிரி என்று பார்த்துவிட்டு, அம்மாவை நூல் புடவையோடும் செருப்போடும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கதவைத் திறந்து அவர் காலை வெளியே வைத்த அந்த நிமிடம் இன்னும் நினைவிருக்கிறது. 49 டிகிரி, முகத்தில் அறைகிற காற்று. பூக்களைப் பத்து நிமிடம் கூடப் பார்க்க முடியவில்லை, பின்சீட்டில் கிடந்த குழந்தைப் போர்வையைப் போர்த்தித் திரும்பக் கூட்டி வந்தேன். அன்று இரவு அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்தது, சரியாக இரண்டு வாரம் ஆனது. ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு இந்த மாற்றத்தைத் தாங்கும் பழக்கம் உடம்பில் இல்லை, அவர்களை எங்கே அழைத்துப் போனாலும் போகிற இடத்தின் வெப்பநிலையைப் பாருங்கள், உங்கள் வாசலில் இருக்கிற வெப்பநிலையை வைத்துக் கிளம்பாதீர்கள்.

வானிலையை எதில் பார்ப்பது? போனில் வருகிற படம் போட்ட செயலி ஒரு நாளுக்கு ஒரு சூரியனைக் காட்டும், அது இந்த ஊருக்குப் போதாது. தேசிய வானிலைச் சேவையின் தளத்தில், அதாவது வெதர் டாட் கவ் என்ற முகவரியில், உங்கள் ஜிப் கோடு போட்டால் மணிக்கு மணி வரைபடம் கிடைக்கும். இலவசம், விளம்பரம் கிடையாது. சிகாகோ பகுதிக்கான அலுவலகம் ரோமியோவில்லில் இருக்கிறது, அங்கே இருக்கிற நிபுணர்கள் ‘ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்’ என்று ஒரு நாளைக்குப் பல முறை எழுதுகிறார்கள். எதில் அவர்களுக்கு உறுதி இருக்கிறது, எதில் சந்தேகம் என்று வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். ஒரு மாதம் தொடர்ந்து படித்தால் உங்களுக்கே ஒரு பிடி கிடைத்துவிடும்.

உடுப்பு விஷயத்தில் நான் சொல்வது: ஒரே தடிமன் கோட்டை நம்பாமல் மூன்று அடுக்காகப் போடுங்கள். உள்ளே ஒரு முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் காற்றும் மழையும் புகாத தொப்பி வைத்த மெல்லிய மழைக்கோட்டு. குடை வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள், இந்தக் காற்றில் ஒரே வாரத்தில் கம்பி திரும்பிவிடும். காரில் ஒரு பை நிரந்தரமாக இருக்கட்டும், ஆளுக்கு ஒரு கோட்டு, ஒரு தொப்பி, குழந்தைகளுக்குக் கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு போர்வை. மே மாதம் பாதி தாண்டும் வரை அதை எடுக்காதீர்கள். பள்ளியில் இடைவேளைக்குக் குழந்தைகளை வெளியே விடுவார்கள், காலையில் 65 என்றாலும் பையில் ஒரு கோட்டு சுருட்டி வையுங்கள். சாதாரண ஜலதோஷம் என்று நீங்கள் நினைப்பது மரங்களின் மகரந்தமாகவும் இருக்கலாம், ஓக்கும் பிர்ச்சும் இந்தச் சமயத்தில்தான் பூக்கின்றன. மூக்கு மூன்று வாரமாக ஒழுகினால் மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இதை மட்டும் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். டொர்னேடோ.

நம் ஊரில் புயல் என்றால் சில நாள் முன்னாலேயே தெரியும். கடலூரில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தியில் வரும், மெழுகுவர்த்தியும் பாலும் வாங்கி வைத்துக்கொள்வோம். டொர்னேடோ அப்படி இல்லை. எச்சரிக்கைக்கும் அது வந்து சேர்வதற்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது, சில நேரம் அதுவும் கிடைக்காது. புயலுக்குத் தயாரான பழக்கத்தை வைத்துக்கொண்டு, ‘பார்க்கலாம், கிட்ட வரட்டும்’ என்று உட்கார்ந்திருக்கவே கூடாது.

வாட்ச், வார்னிங் என்று இரண்டு சொல்வார்கள், புதிதாக வந்தவர்கள் குழம்புவது இங்கேதான். டொர்னேடோ வாட்ச் என்றால் அது உருவாவதற்கான சூழ்நிலை இருக்கிறது. பல மணி நேரத்துக்கு, பல கவுண்டிகளுக்கு, அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதிகளுக்கு, சேர்த்துப் போடுவார்கள். வேலையைப் பாருங்கள், ஆனால் போனில் சார்ஜ் இருக்கட்டும், தூரமாகப் போகாதீர்கள். டொர்னேடோ வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். அந்த நிமிடமே இறங்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடுங்கள், குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே ஓடுவது? நிலவறை இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத, வீட்டின் நடுவில் இருக்கிற சின்ன அறை: குளியலறை, துணி அலமாரி, மாடிப்படிக்குக் கீழே. மூன்றாவது மாடி அபார்ட்மெண்டில் இருக்கிறவர்கள் இன்றைக்கே கீழே இறங்கிப் போய், உள் நடைபாதை எங்கே இருக்கிறது, கதவு பூட்டியிருக்குமா என்று பார்த்து வையுங்கள். காலில் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், உடைந்த கண்ணாடியில் வெறுங்காலோடு நடக்க முடியாது. குழந்தைகளின் சைக்கிள் ஹெல்மெட் அந்த அறையிலேயே இருந்தால் தலையில் மாட்டிவிடலாம். பாஸ்போர்ட், விசா காகிதங்கள், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே உறையில். பால்கனியில் நின்று வீடியோ எடுக்கக் கூடாது. சாலையில் இருந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கக் கூடாது, அங்கே காற்றின் வேகம் கூடும். பக்கத்தில் இருக்கிற உறுதியான கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

இதெல்லாம் தெற்கே ஓக்லஹோமா மாநிலத்தில்தான் நடக்கும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1967 ஏப்ரல் 21 அன்று சிகாகோவை ஒட்டிய ஓக் லானில் ஒரு டொர்னேடோ முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1990 ஆகஸ்ட் 28 அன்று, இன்று நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும் பிளெயின்ஃபீல்டில், 29 பேர் இறந்தார்கள். மழைக்குள் மறைந்து வந்ததால் அது கண்ணுக்கே தெரியவில்லை. 2021 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு எங்கள் நேப்பர்வில்லிலும் பக்கத்து உட்ரிட்ஜிலும் வந்தது. நாங்கள் தூங்கப் போயிருந்தோம், போன் அலறியது, மகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். எங்கள் தெரு தப்பித்தது. நான்கு மைல் தள்ளி மறுநாள் காலையில் பார்த்த வீடுகளுக்குக் கூரை இல்லை. அன்றிலிருந்து, ‘போனில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைத்திருக்கிறேன், தூக்கம் கெடுகிறது’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். தயவுசெய்து இப்போதே அமைப்புகளுக்குள் போய் அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

சங்கு ஊதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கக் கம்பங்களில் சைரன் இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனைக்காக ஊதுவார்கள். இதை ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பகலில் தனியாக வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோவார்கள். ஆனால் முதல் செவ்வாய் பத்து மணி தவிர வேறு எப்போது ஊதினாலும் உள்ளே போக வேண்டும். இன்னொன்று, சைரன் வெளியே இருப்பவர்களுக்கானது, ஜன்னலை மூடித் தூங்குகிறவருக்குக் கேட்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

புயல் அபாயத்தை ஐந்து படிகளாகச் சொல்வார்கள்: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை. ஸ்லைட் என்ற சொல்லைக் கேட்டு லேசானது என்று விட்டுவிடாதீர்கள், அது ஐந்தில் இரண்டாவது படி, சேதம் செய்யும் புயல்கள் அங்கங்கே வரலாம் என்று அர்த்தம். என்ஹான்ஸ்டு என்றால் நான் சாயங்கால வேலைகளையெல்லாம் தள்ளிப் போட்டுவிடுகிறேன்.

வீட்டுக்குள் வருவோம். வாடகை வீட்டில், அதுவும் சிகாகோ நகரத்துக்குள் பழைய கட்டடத்தில் இருந்தால், ஹீட்டர் உங்கள் கையில் இருக்காது. எங்கள் முதல் அபார்ட்மெண்டில் ஏப்ரல் நடுவில் வீட்டுக்காரர் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டார், வெளியே 35. நாங்களும் ஊருக்குப் புதுசு, கேட்கக் கூடாதோ என்று இரண்டு இரவு ஸ்வெட்டரோடு படுத்தோம். நகரச் சட்டம் தெளிவாக இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது: செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை, பகலில் குறைந்தது 68 டிகிரி, இரவு பத்தரைக்கு மேல் குறைந்தது 66 டிகிரி வீட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நகர நிர்வாகத்தின் 311 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுக்கலாம், உங்கள் விசா நிலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குளிருகிறது என்று கேஸ் அடுப்பையோ ஓவனையோ எரியவிட்டு மட்டும் உட்காராதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

புறநகரில் நிலவறையோடு வீடு எடுத்தவர்களுக்கு வேறு தொல்லை. பனி உருகிய நிலத்தில் மழையும் சேர்ந்தால் தண்ணீர் நிலவறைக்கு வரும். சம்ப் பம்ப் என்று தரையில் ஒரு குழிக்குள் மோட்டார் இருக்கும், அதில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், ஓடுகிறதா என்று. மின்சாரம் போவதும் பெருமழை பெய்வதும் ஒரே இரவில் நடக்கும், அதனால் பேட்டரி உள்ள மாற்றுப் பம்பு இருந்தால் நல்லது. கொலு பொம்மைப் பெட்டிகளை அட்டைப்பெட்டியில் தரையில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு அடுக்குப் பலகையில் ஏற்றுங்கள். எங்கள் நண்பர் வீட்டில் அவர் பாட்டி காலத்து மரப்பாச்சியும் மண் பொம்மைகளும் ஒரே ஏப்ரல் இரவில் போய்விட்டன, மண் பொம்மை தண்ணீரில் ஊறினால் திரும்பவும் கிடைக்காது.

கார் டயரில் காற்று குறைவு என்று காலையில் விளக்கு எரிந்தால் பதறாதீர்கள், பத்து டிகிரி குளிர்ந்தால் டயரின் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. அளவு குறையும். சாலையில் குழிகளைப் பார்த்து ஓட்டுங்கள், இரவில் உறைந்து பகலில் உருகும் தண்ணீர்தான் தாரைப் பெயர்க்கிறது.

சித்திரை ஒன்று பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 2019இல் ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது, கோயிலுக்குப் போகலாம் என்று எல்லோரும் பட்டுப் புடவையும் வேட்டியுமாகத் திட்டம் போட்டிருந்தோம். அன்று ஓஹேர் விமான நிலையத்தில் ஐந்து அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தது. மாங்காய்ப் பச்சடி செய்துகொண்டே ஜன்னல் வழியாக வெள்ளை வெளேரென்று பார்த்தோம். அதே மாதம் 27ஆம் தேதி திரும்பவும் பனி. எனவே ஏப்ரல் விசேஷம் எதுவானாலும் புடவைக்கு மேல் போட ஒரு நீளமான கோட்டும், பூட்ஸும் காரில் இருக்கட்டும். செருப்பைக் கையில் கொண்டுபோய் உள்ளே மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஊரிலிருந்தோ நண்பர்களிடமிருந்தோ கிடைத்த கறிவேப்பிலைச் செடி. வெயிலைப் பார்த்ததும் பாவம் செடி என்று வெளியே வைக்கத் தோன்றும், வேண்டாம். இங்கே தோட்டக்காரர்கள் மே இரண்டாவது ஞாயிறு, அன்னையர் தினத்துக்கு முன்னால் தக்காளி நாற்றைக்கூட நடமாட்டார்கள். கறிவேப்பிலைக்கு அதுவும் சீக்கிரம், இரவு வெப்பநிலை தொடர்ந்து 50க்கு மேல் நின்ற பிறகுதான் வெளியே. முதல் வாரம் நிழலில் இரண்டு மணி நேரம், அப்புறம் நான்கு மணி நேரம் என்று பழக்குங்கள், எடுத்தவுடன் நேர் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துவிடும். குளிர்காலத்தில் அது இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நின்றிருக்கலாம், செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, ஜூன் மாதம் துளிர்க்கும்.